பூங்காவிலிருந்து மலைப்பாதைக்கு: முதல் ஒரு நாள் நடைக்குத் தயாராவது எப்படி

நகரவாசிகளுக்கு வெளியே போய் நடக்க இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று, வீட்டுப் பக்கத்துப் பூங்கா. இன்னொன்று, நகரம் முடிகிற இடத்தில் தொடங்கும் குன்றும் காடும் ஏரிக்கரையும். பூங்காவில் கால் வலித்தால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பலாம். மலைப்பாதையில் அதே வலி இருட்டுவதற்குள் கீழே இறங்க முடியாமல் செய்துவிடும். புதியவர்கள் பாம்பையும் புயலையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுபவை வேறு: தாமதமாகக் கிளம்புவது, எடுக்கும் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுவது, ஷூ கடிக்கத் தொடங்கிய பிறகும் பொறுத்துக்கொண்டு நடப்பது. அதனால் இந்த வழிகாட்டியில் நேரத்துக்கும் கால்களுக்கும் அதிக இடம் தந்திருக்கிறோம்.

முதல் நான்கு வாரம் பூங்காவில்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். வேகம் சரிதானா என்று பார்க்க எளிய சோதனை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி எடுத்து வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த வேகம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மூன்று நாள் நடையோடு வார இறுதியில் ஒரு நாள் சற்று நீட்டி நடந்தால் அதன் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம்.

சிமென்ட் தளத்தைவிட மண் தடம் நல்லது. மேடு பள்ளத்தில் நடக்கும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் வேலை செய்யப் பழகும். மலையில் கால் பிசகாமல் காப்பவை அவைதான். வட்டப் பாதையானால் ஒரு நாள் இடமாகவும் மறுநாள் வலமாகவும் சுற்றுங்கள். பல பாதைகள் தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் ஒரே முழங்காலுக்குத்தான் சுமை ஏறும்.

மூன்றாவது வாரத்திலிருந்து மலைக்குப் போட்டுக்கொள்ளப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பை. பையில் முதலில் இரண்டு லிட்டர் தண்ணீர், அடுத்த வாரம் நான்கு லிட்டர். கூடவே படிக்கட்டு. ஏறுவதை எல்லோரும் பழகுவார்கள், இறங்குவதை யாரும் பழகுவதில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் இந்த வேலைதான் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கி, அடுத்த ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து எழவே வலிக்கச் செய்கிறது. பத்து மாடிப் படிகளை நிதானமாக இறங்கிப் பழகியவர்களுக்கு மலை அவ்வளவு வலிக்காது.

பையோடு இரண்டு மணி நேரம் நடந்து, மறுநாள் படியிறங்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடிந்தால் நீங்கள் தயார். அதற்கு முன் பூங்காவிலேயே ஒரு கிலோமீட்டர் அளந்து, பையுடன் அதை நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

படங்களைப் பார்த்து மயங்காமல் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், தரையின் தன்மை. மொத்த ஏற்றம் வேறு, உச்சியின் உயரம் வேறு. 200 மீட்டர் உயரக் குன்றானாலும் பாதை இடையில் இரண்டு முறை பள்ளத்தில் இறங்கி ஏறினால், நீங்கள் ஏறியது 350 மீட்டராக இருக்கலாம். முதல் நடைக்குப் போக வர சேர்த்து 8 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்ற எல்லைக்குள் இருங்கள்.

நேரத்தைக் கணக்கிட 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல உடல் தகுதி உள்ளவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. புதியவர்கள் வந்த விடையோடு அதில் பாதியைக் கூட்ட வேண்டும், ஓய்வைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்ன பாதைக்கே போட்டுப் பார்ப்போம். 8 கிலோமீட்டருக்கு 1 மணி 36 நிமிடம், 300 மீட்டர் ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 2 மணி 6 நிமிடம். பாதியைக் கூட்டினால் 3 மணி 9 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும், சாப்பிட அரை மணியும் சேர்த்தால் நாலு மணியைத் தாண்டும். “எட்டு கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்” என்று கிளம்புபவர்கள் ஏன் இருட்டில் தடுமாறுகிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். குழுவாகப் போனால், கணக்கு குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்கானது.

காகித வரைபடம் கிடைத்தால், 1:50,000 அளவில் 2 சென்டிமீட்டரும் 1:25,000 அளவில் 4 சென்டிமீட்டரும் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கி இருக்கும் இடம் செங்குத்து, விலகி இருக்கும் இடம் சாய்வு குறைந்தது.

பாதையின் வடிவத்தையும் கவனியுங்கள். முதல் முறைக்குப் போன வழியே திரும்பி வருகிற பாதைதான் பாதுகாப்பானது. எந்த இடத்திலும் திரும்பலாம், திரும்பும் வழி ஏற்கெனவே பார்த்த வழி. சுற்றுப்பாதை அழகாகத் தோன்றும். ஆனால் பாதியைத் தாண்டியபின் திரும்புவதில் லாபமில்லை என்பதால், களைத்தவர்கள்கூட முன்னே இழுத்துக்கொண்டு போவார்கள். ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் பாதையை, அங்கே வண்டி காத்திருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

காட்டுப் பகுதியானால் அனுமதி வேண்டுமா, நுழைவாயில் எப்போது மூடும், தீப்பருவத்தில் பாதை அடைக்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தையும்தான்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

அன்றைய சூரிய அஸ்தமன நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாதையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மர நிழலில் வெட்டவெளியைவிட வெகு முன்பே இருட்டிவிடும். அந்தி வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இடத்தைப் பொறுத்தது: நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குவதால் இருபது நிமிடம் சொச்சத்தில் பாதை கண்ணுக்குத் தெரியாமல் போகும், துருவங்களை நோக்கிப் போகப் போக அந்தி நீளும்.

இது கடைசி எல்லை. வெயில் கடுமையான ஊரில் உண்மையான எல்லை உச்சிவெயில். காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் மேலே சொன்ன பாதையின் முனையை 9.15 வாக்கில் தொடலாம். 10 மணியைத் திரும்பும் நேரமாக வைத்து, காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். 10 மணி ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் சரி. “இன்னும் பத்தே நிமிடம்” என்று தோன்றும் இடத்தில்தான் இந்த விதி தேவைப்படுகிறது. களைத்த நேரத்தில், உச்சியைப் பார்த்துக்கொண்டே எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. அதனால்தான் அதை முன்பே எடுத்துவைக்கிறோம்.

கடிகாரம் இல்லாவிட்டால் கையை முழுக்க நீட்டி, விரல்களைக் கிடையாக வைத்து, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். எதிரே மலை இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும்.

உடன் வராத ஒருவரிடம் நான்கு விஷயம் சொல்லிவையுங்கள்: எந்தப் பாதை, யார் யார், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் உதவி கேட்க வேண்டும். நாலாவதைச் சொல்லாவிட்டால், “சிக்னல் கிடைக்காமல் இருக்கும்” என்று அவர் நள்ளிரவுவரை காத்திருப்பார்.

கால்

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. கடையில் சாய்வான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னே போய் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். இரண்டு மணி நேர இறக்கத்தில் நகம் கறுத்துப்போவது இதனால்தான். நகத்தையும் இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். மண் பாதைக்குக் கணுக்கால்வரை மூடும் பூட்ஸ் கட்டாயமில்லை. அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள ஷூ போதும். அந்த வெட்டுகள் தேய்ந்த பழைய ஓட்ட ஷூ ஈரப் பாறையில் வழுக்கும்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, உராய்வு கூடி, தோலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோப்பதுதான் கொப்புளம். கம்பளி கலந்த சாக்ஸோ செயற்கை இழை சாக்ஸோ நல்லது. மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

குதிகால் தூக்கினால் கயிற்றை இப்படிக் கட்டுங்கள். மேலிருந்து இரண்டாவது துளைவரை வழக்கம்போலக் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் குறுக்கே கொண்டு போகாமல், அதே பக்கத்து மேல் துளைக்குள் செருகி ஒரு சிறு வளையம் விடுங்கள். இரு பக்கமும் வளையம் வந்ததும், இடக் கயிற்றை வல வளையத்துக்குள்ளும் வலக் கயிற்றை இட வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் பொருந்தி உட்கார்ந்துவிடும். இறக்கம் தொடங்கும் முன் ஒருமுறை இறுக்கிக் கட்டினால் விரல்கள் முன்னே போய் முட்டாது.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாக எரியும். அந்த நொடியிலேயே நில்லுங்கள். குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு அடுத்த ஓய்வுவரை பொறுத்தால் வேலை கெட்டுவிடும். காலைத் துடைத்து உலரவிட்டு, மருத்துவப் பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் அதுவே இன்னொரு கொப்புளத்தை உண்டாக்கும். ஏற்கெனவே எழும்பிவிட்டிருந்தால் உடைக்காதீர்கள். மேல்தோல் கிருமியைத் தடுக்கிறது. தடித்த பஞ்சுப் பட்டையில் கொப்புளத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி அதைச் சுற்றி வைத்தால் அழுத்தம் அதன்மேல் விழாது.

பையில் என்ன

20 முதல் 25 லிட்டர் பை போதும். மொத்த எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான தண்ணீர் முதுகை ஒட்டி, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கட்டும். அடியில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், உச்சியில் வைத்தால் தலைகுப்புறத் தள்ளும்.

தண்ணீரும் உணவும் போக, பகல் நடையானாலும் எடுத்துப்போக வேண்டியவை: ஹெட்லேம்ப், விசில், மழைச்சட்டை, பிளாஸ்டரும் கட்டுத்துணியும் கொண்ட சிறு முதலுதவிப் பொதி, பவர் பேங்க், காலி நெகிழிப் பை ஒன்று. போன் டார்ச்சை நம்பாதீர்கள். அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், வழி காட்டவும் உதவிக்கு அழைக்கவும் வேண்டிய பேட்டரியையும் தின்றுவிடும்.

வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்து, ஏர்பிளேன் மோடில் போட்டு அது திறக்கிறதா என்று சோதியுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, அதற்கு டவர் தேவையில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதால்தான் பேட்டரி மதியத்துக்குள் தீர்கிறது. ஏர்பிளேன் மோடில் வைத்தால் இந்தத் தேடல் நிற்கும்.

தண்ணீரும் வெயிலும்

மிதமான வெப்பத்தில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் அதற்கு மேல். தாகம் எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர்ந்த நிறமானால் குறைவு. அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பல மணி நேரம் வியர்த்தால் உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். உப்பு கூடினால் தீங்கு, அளவு மாறக் கூடாது.

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரம். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனைவிட நம்பகமானவை. பூசுவதானால், கிளம்பக் கால் மணி நேரம் முன்பு, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மெல்லியதாகத் தடவினால் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணுக்குரிய பாதுகாப்பு கிடைக்காது.

தலைசுற்றல், மிகுந்த வியர்வை, தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வெப்பவாதத்திலும் வியர்க்கலாம். உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே அவசர உதவியை அழையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிச் செல்வது.

வானம்

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 600 மீட்டர் மேலே நாலு டிகிரி. வியர்த்த சட்டையில் காற்றடித்தால் அதைவிடக் கூடுதலாகக் குளிரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தத் தூரத்திலிருந்தும் அடுத்தது உங்கள் அருகே விழலாம். உச்சியையும் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். உறுதியான கட்டடமும், ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிய, உலோகக் கூரையுள்ள காரும் பாதுகாப்பு. பூங்காவில் இருக்கும் திறந்த மண்டபம் பாதுகாப்பு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். பூங்காவில் பெரும்பாலும் மீறப்படும் விதி இதுவே, மழை நின்றதும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள்.

முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைக் கடக்காதீர்கள். மேல்மலையில் பெய்த மழை, இங்கே வெயிலடிக்கும்போதே ஓடையைப் பெருக்கிவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள்.

பாதையில்

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுபவரைவிட, நிற்காமல் ஊர்ந்து ஏறுபவர் முன்னே போய்விடுவார். இறங்கும்போது அடிகள் குட்டையாக, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். உடலைப் பின்னால் சாய்த்தால் எடை குதிகாலுக்குப் போய் வழுக்கும். ஊன்றுகோல் வைத்திருந்தால் சமதரையில் முழங்கை செங்கோணமாக இருக்கும் உயரம் சரி. ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைத்து, இறக்கத்தில் அவ்வளவே நீட்டுங்கள்.

சேறாக இருந்தாலும் பாதையின் நடுவிலேயே நடங்கள். ஓரமாக ஒதுங்கும் ஒவ்வொருவரும் பாதையை அகலப்படுத்துகிறார்கள். செடி மிதிபட்டு மண் கரைந்து அடுத்த மழையில் அது ஓடையாகிறது. பழத்தோலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது மட்க மாதக்கணக்காகும், அதற்குள் விலங்குகளைப் பாதைக்கு இழுத்துப் பழக்கிவிடும். குரங்குக்கும் வாத்துக்கும் உணவு போடாதீர்கள். இயற்கைக் கடனுக்கு நீர்நிலை, பாதை இரண்டிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப்போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தை நெகிழிப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காமலும் கால் வைக்காமலும் இருந்தால் பாம்புத் தொல்லை பெரும்பாலும் வராது. கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை ஆட்டாமல் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேனீக்கள் துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடுங்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள். நீங்கள் மேலே வரும்வரை அவை காத்திருக்கும்.

வழி தவறிவிட்டதாகத் தோன்றினால் முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று யோசியுங்கள். திரும்பும் தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். குறுக்குவழியாகச் சரிவில் இறங்கினால் பாறை விளிம்பிலோ முட்புதரிலோ போய் முடியும், மேலே ஏறவும் முடியாது. தெரியாவிட்டால் அங்கேயே இருந்து விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். பல நாடுகளின் மலைகளில் அறியப்பட்ட அபாயக் குறி இது. கேட்பவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். 112 என்ற எண் பல நாடுகளில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அவசர உதவிக்கு இணைக்கும்.

வீடு வந்த பிறகு

சொல்லிவிட்டு வந்தவரிடம் முதலில் தகவல் சொல்லிவிடுங்கள். குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதோரம், தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். தொடை வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும். படுத்தே கிடப்பதைவிடப் பூங்காவில் அரை மணி மெல்ல நடப்பது நல்லது. ஒரு மூட்டு மட்டும் வீங்கி வலித்தால் அது தசை வலி அல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

அன்றே கணக்குப் போட்ட நேரத்தையும் உண்மையில் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நெய்ஸ்மித் சூத்திரத்தோடு பாதியைக் கூட்டியது உங்களுக்குப் போதுமா, முக்கால் பங்கு கூட்ட வேண்டுமா என்பது இதில் தெரியும். அடுத்த பாதையின் திரும்பும் நேரத்தை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள். தூரமோ ஏற்றமோ, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும், நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கூட்டுங்கள்.